கடுகு வெடிக்காத தெரு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து சாப்பிடாமலே கிளம்பி நடந்துகொண்டிருக்கிறேன். யாரும் விரட்டவில்லை. எந்த வீட்டிலும் அரை நாளுக்கு மேல் உட்கார்ந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். எழுபதைத் தாண்டியும் அந்த அரிப்பு அடங்கவில்லை. கிளம்பும் நேரத்தில் நண்பரின் பேத்தி மடியில் ஏறி உட்கார்ந்து, என் கன்னத்து அம்மைக் குழிகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள். "தாத்தா, உங்க மூஞ்சிய யாரு இப்படிக் குத்துனாங்க?" என்றாள். அவள் அம்மா பதறிப்போய்த் தூக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பள்ளிக்கூடம் போகிற குழந்தை இப்படி ஒரு முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்பது எவ்வளவு பெரிய சங்கதி, யோசித்துப் பாருங்கள்.

தெருவில் ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு போகிறது. நடுப்பகல். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், எல்லா அடுப்படி ஜன்னலும் திறந்திருக்கின்றன. ஒன்றில் கடுகு படபடக்கிறது. அடுத்ததில் கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்து சீறுகிறது. மூன்றாவதில் மிளகாய் கருகி என்னைத் தும்ம வைக்கிறது. தூரத்தில் எங்கோ ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. பூச்சாட்டு ஆகிவிட்டது என்று அர்த்தம். சாட்டு ஆன ஊரில் கடுகு வெடிக்கிறதே என்று கால் தானாக நின்றுவிட்டது.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லையென்றால் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாரியம்மன் திருவிழா பூச்சாட்டில் தொடங்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மனுக்குப் பூப் போட்டு, கோயிலுக்கு எதிரே மூன்று கவையுள்ள மரத்தைக் கம்பமாக நட்டுவிட்டால், கடைசியில் காப்பு அவிழ்க்கும்வரை ஊருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஊரில் இருப்பவர்கள் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. யாரும் தாளிக்கக் கூடாது. அம்மை என்பது ஆத்தாளே உடம்பில் இறங்கியிருப்பது. சட்டியில் கடுகு வெடித்தால் உடம்பில் அம்மை முத்தும் வெடித்துப் புண்ணாகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஒரு பேட்டை முழுக்க வெறும் உப்பும் புளியுமாகச் சாப்பிட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரே ஒரு முறை கடுகு வெடித்தது. வெடிக்க வைத்தவன் நான்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் பரமத்தி வேலூரில் ஒரு கவுண்டரின் கொடிக்காலில் இருந்தேன். வாய்க்காலில் நின்றபடியே வெற்றிலைக் கொடிகளுக்குத் தண்ணீர் இறைத்து விடுவது வேலை. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். கவுண்டர் நல்ல மனுஷர், வயிற்றுக்குக் குறை வைத்ததில்லை. ஓடிப்போக ஒரு காரணமும் இல்லை. அணைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வெற்றிலை வாங்க வந்த ஒருவர் சொன்னார், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் வகுப்பையும் இப்படித்தான் பாதியில் விட்டேன்.

வெற்றிலைக் கட்டு ஏற்றிய வண்டிகளின் பின்னால் நாமக்கல், ராசிபுரம் என்று நடந்து சேலம் வந்தேன். மூட்டையில் ஒரு வேட்டி, ஒரு சின்னச் சட்டி, கொஞ்சம் கொள்ளு, ஒரு பொட்டலம் கடுகு, ஒரு புட்டியில் கடலையெண்ணெய், ஒரு தாளிப்புக் கரண்டி. அன்னக்காவடிக்குத் தாளிப்புக் கரண்டி எதற்கு என்று கேட்காதீர்கள். பட்டினி எனக்குப் பழக்கம். தாளிக்காத சாறுதான் பழக்கமில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, வெல்லம் என்று மண்டிக்கு மண்டி வாசம் மாறியது. மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பக்கம் தறி வீடுகள், மறுபக்கம் மூட்டை ஏற்றும் வண்டிக்காரர்களின் வீடுகள். அங்கே அவிழ்த்துவிட்டிருந்த ஒரு வண்டியில் ஏறிப் படுத்தேன். எங்கிருந்தோ பம்பைச் சத்தம் கேட்டது. எல்லா வாசலிலும் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அன்றுதான் பூச்சாட்டு என்று தெரிந்தது. தெரிந்து என்ன, இது என் ஊர் இல்லையே என்று தூங்கிவிட்டேன்.

அணைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் லாரி ஜங்ஷனிலிருந்து வெள்ளிக்கிழமைதான் கிளம்பும் என்றார்கள். புதன்கிழமை மத்தியானம் அந்த வண்டியின் நிழலிலேயே மூன்று கல்லை வைத்துக் கொள்ளுச்சாறு காய்ச்சினேன். பிறகு கரண்டியில் எண்ணெய் காய வைத்துக் கடுகைப் போட்டேன்.

அது வெடித்த சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்பதுபோல் இருந்தது. ஏனென்று உடனே புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன், தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன.

முதலில் வெளியே வந்தவர் அர்த்தநாரி. எதிர் வீட்டுத் தறிக்காரர், பெரிய மீசை, தலையெல்லாம் நூல்பஞ்சு. "எவன்டா அவன்?" என்றார். அடுத்து, நான் படுத்திருந்த வண்டியின் சொந்தக்காரர் செங்கோடன் வந்தார். கரண்டியைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தார்.

"ஏன்டா, இத்தன வேப்பலை கட்டியிருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலயா?" என்றார் அர்த்தநாரி.

"தெரிஞ்சுதுங்க. திருவிழாவுக்குக் கட்டியிருக்காங்கன்னு நெனச்சேனுங்க."

"எல்லா ஊட்லயும் திருவிழாவுக்குத்தான்," என்றார் செங்கோடன். "என் ஊட்ல மட்டும் வேற."

அவர் மகள் பொன்னிக்கு ஆறு வயது. நாலைந்து நாளாக அம்மை போட்டுப் படுத்திருந்தாள். தெரு முழுக்கத் தொங்கிய வேப்பிலையில் எது கொண்டாட்டம், எது நோய் என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் அடுப்பு மூட்டிய இடத்துக்கு நேர் எதிரே அந்த வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

தெருவின் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கும் பெரியதனக்காரர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனுஷர். யாரையும் சத்தம் போட விடவில்லை.

"எந்த ஊரு?"

"வேலூருங்க. மேட்டூருக்குப் போறேனுங்க, அணை வேலைக்கு."

"நேத்து ராத்திரி எங்க படுத்தே?"

"இதா, இந்த வண்டியிலதானுங்க."

"அப்ப சாட்டு ராத்திரி எங்க எல்லைக்குள்ள படுத்திருக்கறே. நீயும் இந்த ஊர்க்காரன்தான். காப்பு அவுக்கற வரைக்கும் ராத்தங்கல் இங்கதான்."

"ஏனுங்க, எனக்கு வெள்ளிக்கெழம லாரிங்க."

"லாரி போகட்டும். தாளிச்சவன் தண்ணி ஊத்தணும். தெனமும் வெடியால, கோழி கூப்பிடறப்பவே, ஆத்துல மொண்டாந்து கம்பத்துக்கு ஒரு கொடம். இந்த ஊட்டுக்கு எத்தன கொடம் வேணுமோ அத்தன." பிறகு என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். "ஆத்தா உம்மேல முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கறா. உள்ள போக உனக்கென்ன பயம்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒருமுறை அம்மை கண்டவனுக்கு மறுபடி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். தாளிப்புக் கரண்டியை அவர் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கொள்ளுச்சாற்றை அப்படியே குடித்தேன்.

சாயங்காலம் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. செங்கோடனின் மனைவி பாவாயி. முகம் தெரியவில்லை.

"தம்பி, உன்னைய ஆரும் கட்டி வெக்கல. போறதுன்னா போ. ஆனா இப்பவே போயிரு. ரெண்டு நாளு ஊத்திட்டுப் பாதியில உட்டுட்டுப் போயிராத. அத நாங்க தாங்க மாட்டம்."

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டது. எனக்குக் குழிகள் மிஞ்சின, அவள் போய்விட்டாள். பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். வேறு பெயர் வைத்திருந்தார்களா என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. இதையெல்லாம் நினைத்துத்தான் தங்கினேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். உண்மையில், ஒரே ஒரு குடம் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் குடத்தை எடுத்துக்கொண்டு திருமணிமுத்தாற்றுக்குப் போனேன். ஒரு குடம் கொண்டுவந்து வைத்த பிறகு போக முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜங்ஷனுக்குப் போய் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அங்க நாங்க காவேரியவே நிறுத்தப் போறோம். நீ இங்க கொடத்துல மொண்டு ஊத்திக்கிட்டுக் கெட," என்றார். லாரியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். லாரி கிளம்பிய புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அந்த ஆடியில் ஒரு தெரு எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரு என்றால் நடந்து போகிற இடம்தான். பொன்னிக்குப் பிறகு ஒரு தம்பி, கைக்குழந்தை. அம்மை கண்ட வீட்டில் வைத்திருக்கக் கூடாதென்று அவனை அர்த்தநாரியின் மனைவி எடுத்துக்கொண்டு போய், தன் குழந்தைக்குக் கொடுத்த பாலில் அவனுக்கும் பங்கு கொடுத்தாள். பாவாயி வாசலில் நின்று எதிர் வீட்டில் தன் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அவனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று தினமும் என்னைக் கேட்பாள். அம்மை வீட்டுக்குள் போய் வருகிறவன், நான் எதிர் வீட்டுக்குள் போக முடியாது. வாசலில் நின்று கேட்டு வந்து சொல்வேன். "நல்லாப் பாலுக் குடிக்கறானாம்." பெரியவளைப் பற்றி அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

சாப்பாடு மட்டும்தான் எல்லோருக்கும் கஷ்டம். "வாயி செத்துப் போச்சுடா. எம்பொண்டாட்டி வெக்கற ரசத்துக்கும் உன் ஆத்துத் தண்ணிக்கும் வித்தியாசமே தெரியல," என்று அர்த்தநாரி என்னிடம் வந்து புலம்புவார். ஆனாலும் யாரும் தாளிக்கவில்லை. மண்டி முதலாளி வீட்டில்கூட இல்லை.

பொன்னி வாழை இலையில், வேப்பங்கொழுந்துக்கு நடுவே படுத்திருந்தாள். கண்கள் ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் இருந்தன. குடத்தை இறக்கி வைக்கும் சத்தத்தில் என்னைத் தெரிந்துகொள்வாள். "தண்ணி மாமா, இன்னிக்கு ஆத்துல மீனு இருந்துச்சா?"

"இருந்துச்சு. கெளுத்தி."

"எத்தாச்சோடு பெருசு?"

"உன் கையத்தாச்சோடு."

ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். தினம் ஒரு மீனை உண்டாக்கிக்கொண்டு வருவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. ஒருநாள் அவள் கேட்கவில்லை. அன்று முழுவதும் செங்கோடன் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் மெல்லக் கேட்டாள். அதன் பிறகு முத்துகள் காயத் தொடங்கின. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

திருவிழாவின் கடைசியில் வண்டி வேடிக்கை. தெருவுக்குத் தெரு ஒரு மாட்டுவண்டியை ஜோடித்து, ஆட்களுக்குச் சாமி வேஷம் கட்டி ஏற்றி, கோயிலைச் சுற்றி வருவார்கள். யார் என்ன வேஷம் என்பதைப் பக்கத்துத் தெருவுக்குத் தெரியாமல் மூடி வைப்பார்கள். எங்கள் தெருவுக்கு — பாருங்கள், எங்கள் தெரு என்று சொல்லிவிட்டேன் — எங்கள் தெருவுக்கு எப்போதும் செங்கோடனின் வண்டிதான், அவருடைய மாடுகள் செவலையும் மயிலையும்தான். அந்த வருஷம் அவர் வாசலை விட்டு நகர மறுத்தார். வண்டியை நான் ஓட்டினேன். அம்மன் வேஷம் அர்த்தநாரிக்கு. மீசையை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலை கட்டி வந்து நின்றதும் அவர் மனைவிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆத்தா, பாத்து உக்காரு. அது என் சேலை, நாளைக்கு நானு உடுத்தோணும்," என்றாள்.

கோயிலைச் சுற்றிவிட்டுச் சந்துக்குள் திரும்பினோம். பொழுது இன்னும் இறங்கவில்லை. பெரியதனக்காரர் முன்னால் நடந்து வந்து, "அந்த ஊட்டுக்கு நேரா நிறுத்து," என்றார். பிள்ளை பார்க்கட்டுமே என்று வண்டியை அந்த வாசலுக்கு எதிராகவே திருப்பினேன். மாடுகளின் முகம் வாசற்படியைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டது. பாவாயி பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் பொன்னியை வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அர்த்தநாரி சூலத்தைப் பிடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொன்னி அவரை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இது மீசை மாமாதானே?"

தெருவே சிரித்தது. அம்மனும் சிரித்துவிட்டார். பொன்னி கையை நீட்டிச் செவலையின் நெற்றியைத் தடவினாள். பிறகு, "மயிலை எங்க? மயிலைய ஏன் பூட்டல?" என்றாள்.

மயிலை அவளுக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. கழுத்துமணி அடித்தது. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கோடன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். பாவாயி பிள்ளையைத் தூக்கி இடுப்பு மாற்றிக்கொண்டாள். "இதா பாரு சாமி, இங்கதான் நிக்குது," என்றாள். குரல் மாறவே இல்லை. பொன்னி இப்போது மயிலையைப் பார்த்து, "ஒளிஞ்சுக்கிட்டியா?" என்று கேட்டாள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன்.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். பெரியதனக்காரர் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். "உன் ஆயுதம்," என்றார். நான் கையில் வாங்கியதும் பாவாயி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் தெரு முழுக்கத் தாளித்தார்கள். ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று, ஓட்டின்மேல் பெருமழை விழுவதுபோல் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடுகு வெடித்துக்கொண்டு போனது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தும்மினார்கள், சிரித்தார்கள். அன்று பாவாயி போட்ட கொள்ளுச்சாற்றைப் போல் நான் பிறகு குடித்ததில்லை. எதிர் வீட்டிலிருந்து கைக்குழந்தை அவள் மடிக்கு வந்துவிட்டான்.

இனி என்னைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. வேட்டியில் மஞ்சள் காய்வதற்கு முன்பே நடந்தேன். அணை வேலைக்கு இனி யாரைப் பார்ப்பது என்று தெரியாது. ஓமலூர்ச் சாலையில் கால் போனது. ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தடியில், தோல் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காக்கிக் கோட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் மஞ்சள் வேட்டியைப் பார்த்ததும், "காப்பு அவுத்தாச்சா?" என்று கேட்டார்.

அவர் அம்மை குத்துகிறவர், அம்மை வராமலிருக்கக் கையில் மருந்து கீறிவிடுகிற சர்க்கார் ஆள். சாட்டு சமயத்தில் பெட்டியோடு உள்ளே நுழைந்தால் கல்லெறிவார்கள் என்று எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களில் சுற்றிக்கொண்டிருந்தாராம். பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ஆள், ஒரு கிராமத்தில் சாணித் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்று ஓடிப்போய்விட்டான்.

"சாமிக்கு ஆகாத வேலைங்களே அது," என்றேன்.

"நான் சாமிய எதுத்து ஒண்ணும் செய்யலப்பா. அவ வர்றதுக்கு முந்தி போயி ஒரு தட்டுத் தட்டிட்டு வர்றேன், அவ்வளவுதான்." பெரியதனக்காரரைப் போலவே என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். "பெட்டி தூக்கறியா? நான் வாய் வலிக்கப் பேச வேண்டியத உன் மூஞ்சி சும்மாவே சொல்லும்."

ஒரு வேலைக்கு வேண்டிய தகுதி என் முகத்திலேயே இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு எத்தனையோ வேலை பார்த்தேன், எத்தனையோ ஊர் போனேன். அந்தச் சந்து இப்போது இல்லை. தறிகள் இருந்த இடத்தில் துணிக்கிடங்கு, வாசலில் லாரி. இந்தத் தெருவிலும் ஆடி வருகிறது, ஒலிபெருக்கி பாடுகிறது, கடுகு வெடிக்கிறது. வெடிக்கக் கூடாதென்று காத்திருந்த காதுகள் இல்லை. அம்மையும் இல்லை. உலகத்திலேயே இல்லையாம், பத்திரிகையில் படித்தேன். பஸ்ஸில் ஏறினால் முன்பெல்லாம் நாலு வரிசைக்கு ஒரு முகமாவது என்னைப்போல் இருக்கும். இப்போது நான் மட்டும்தான். நானும் போய்விட்டால், நண்பரின் பேத்தி கேட்ட கேள்வியைக் கேட்க ஒரு முகம் இருக்காது. நல்லதுதான். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், நல்லதுதான்.

புளியமரத்தடியில் அவரைப் பார்த்ததற்கு மறுநாள் காலை பெட்டியைத் தூக்கினேன். எந்தத் தெருவிலிருந்து தொடங்கலாம் என்று அவர் கேட்டார். நான் வழி காட்டினேன். எங்களைக் கண்டதும் சந்தில் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. அர்த்தநாரி, மீசையில்லாத முகத்தை ஜன்னலில் காட்டி, "நீ அணை கட்டவே போயிருக்கலாமடா," என்றார்.

செங்கோடன் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. பாவாயி கைக்குழந்தையோடு நின்றாள். முந்தானையைப் பிடித்தபடி பொன்னி.

"தண்ணி மாமா, அந்தப் பொட்டிக்குள்ள மீனா?" என்றாள் பொன்னி.

நான் பெட்டியை வாசற்படியில் இறக்கி வைத்தேன். பாவாயி என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தலையைச் சாய்த்து, பார்வை மிஞ்சிய ஒரு கண்ணால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"வலிக்குமா தம்பி?" என்றாள்.

"வலிக்குமுங்க அக்கா. ரெண்டு நாளு காய்ச்சலும் வரும்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, அவன் கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியைத் திறந்தேன்.